எல்க் வேட்டைக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

வேலையிடத்து நண்பர் ஒருவர் தன் வேட்டைக் குழுவில் சேர்த்துவிட்டதிலிருந்து ஒவ்வொரு இலையுதிர்காலமும் எனக்கு நோர்வேக் காட்டில்தான் கழிகிறது. நம்மாட்கள் என்னைக் கண்டால் கேட்பது இரண்டே கேள்வி: இறைச்சி மிச்சம் இருக்கா, எப்படித் தொடங்குவது. இரண்டாவதற்குத்தான் இந்தப் பதில். இங்கே எல்க் என்று சொல்வது வட அமெரிக்காவில் மூஸ் என்கிறார்களே, அதேதான். வளர்ந்த கிடா 400 கிலோவுக்கு மேலும் போகும், நம்ம ஊர் மரையெல்லாம் பக்கத்தில் நின்றால் சின்னதாகத் தெரியும். (இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களே, அங்கே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, நீங்கள் வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

முதலில் பத்திரங்கள். 30 மணிநேர வகுப்பு, பிறகு வேட்டைக்காரர் தேர்வு, பொலிஸிடம் துவக்கு அனுமதி, வீட்டில் அங்கீகரிக்கப்பட்ட இரும்பு அலுமாரி, வருடாவருடம் வேட்டைக் கட்டணம். இவ்வளவும் இருந்தாலும் பெரிய விலங்கைச் சுட வேண்டுமென்றால் ஒவ்வொரு வருடமும் சுடும் சோதனை ஒன்றில் தேற வேண்டும். அதற்கு முன் 30 பயிற்சிச் சூடு, அப்புறம் 100 மீற்றரில் ஒரு விலங்கு உருவத்தின் மீது ஐந்து சூடு, ஐந்தும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் விழ வேண்டும். நாலு விழுந்தால் போதாது. இதைச் சும்மா ஒரு சடங்கு மாதிரி முடித்துவிட்டுப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். மேசையில் மணல் மூட்டை வைத்து எல்லாரும் நன்றாகச் சுடுவார்கள், காட்டில் மூட்டை இல்லை, கை குளிரில் விறைத்திருக்கும், நெஞ்சு படபடவென்று அடிக்கும். அதனால் உட்கார்ந்து, முழங்காலிட்டு, மரத்தில் சாய்ந்து என்று பழகுங்கள். கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு வந்து மூச்சு வாங்கும்போதே சுட்டுப் பார்த்தால் உங்கள் உண்மையான தூரம் தெரியும். எனக்கு அது 80 மீற்றர். அதற்கு மேல் நின்றால் நான் பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

துவக்கைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை பிடிக்க ஆட்கள் இருக்கிறார்கள். சட்டம் கேட்பது இதுதான்: சன்னம் 9 கிராமுக்குக் குறையக்கூடாது, 9 முதல் 10 கிராம் வரை என்றால் 100 மீற்றரில் 2700 ஜூல் சக்தி, 10 கிராமுக்கு மேல் என்றால் 2200 ஜூல், சன்னம் உள்ளே போய் விரிகிற வகையாக இருக்க வேண்டும். பழைய 6.5க்கு 55 என்கிற சின்ன அளவுத் துவக்குக்கூட சரியான தோட்டாவோடு போதும். தோளை இடிக்கிற பெரிய துவக்கை வாங்கி, விசையை இழுக்கும்போது கண்ணை மூடுகிறவரைவிட, சின்னதை வைத்துக் குறி தவறாதவர் விலங்குக்கு நல்லவர்.

சரி, எங்கே சுடுவது. விலங்கு பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்னங்காலின் பின்விளிம்பைப் பிடித்து மேலே போங்கள், நெஞ்சின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்குள் நிறுத்துங்கள். அங்கே இதயமும் நுரையீரலும் இருக்கின்றன, கொஞ்சம் தவறினாலும் நுரையீரலில் படும். சற்றுத் திரும்பி உங்களை விட்டு விலகிப் போகிற மாதிரி நின்றால், இந்தப் பக்கத்துக் காலை மறந்துவிட்டு, சன்னம் மறுபக்கத்து முன்னங்காலை நோக்கிப் போகிற மாதிரிக் குறி வையுங்கள். தலையில் சுடாதீர்கள். மூளை சின்னது, தலை ஆடிக்கொண்டே இருக்கும், தாடை உடைந்து ஓடிய விலங்கு பட்டினியால்தான் சாகும். நேருக்கு நேர் நிற்பதையும், பின்பக்கத்தையும், ஓடுவதையும் புதியவர்கள் தொடவே வேண்டாம்.

சுடாமல் விட வேண்டிய இடங்கள்தான் கூட. எல்க் மேட்டின் உச்சியில் வானத்தை முதுகில் வைத்து நின்றால் விடுங்கள், சன்னம் கிலோமீற்றர் கணக்கில் போகும், பின்னால் மண் இருக்க வேண்டும். நடுவில் கிளை இருந்தால் விடுங்கள், விரல் தடிப்புக் குச்சியே சன்னத்தைத் திருப்பிவிடும். பின்னால் இன்னொன்று நின்றால் விடுங்கள், ஊடுருவிப் போய் அதையும் காயப்படுத்தும். தாயும் கன்றும் ஒன்றாக வந்தால் தாயை முதலில் சுடவே கூடாது. அனுமதி இரண்டுக்கும் இருந்தால் கன்று முதலில், அனுமதி தாய்க்கு மட்டும் என்றால் இரண்டும் போகட்டும். என் இரண்டாவது வருடத்தில் ஒரு கிடா 60 மீற்றரில் வந்து நின்றது, பாதி உடம்பு ஒரு பேர்ச் மரத்துக்குப் பின்னால். இன்னும் ஒரு அடி வைக்கும் என்று இரண்டு நிமிடம் காத்திருந்தேன், வைத்தது, ஆனால் பின்னுக்கு. மதியம் நெருப்புக்குப் பக்கத்தில் கோப்பி குடிக்கும்போது குழுத் தலைவர் ஒன்றும் சொல்லவில்லை, தன் ரொட்டியில் பாதியைக் கிள்ளித் தந்தார்.

குழு வேட்டையில் உங்களுக்கு ஒரு இடம் தருவார்கள். நாய்க்காரர் நாயோடு காட்டுக்குள் போவார், நீங்கள் தரப்பட்ட இடத்தில் செம்மஞ்சள் மேற்சட்டையோடு, வோக்கி டோக்கியைக் காதில் வைத்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். இடத்தை விட்டு எழும்பக்கூடாது. பக்கத்து ஆள் எங்கே இருக்கிறார் என்று வெளிச்சத்திலேயே பார்த்து, அந்தத் திசையை மனசில் அடித்து வைத்துவிடுங்கள், எல்க் வந்த பிறகு யோசிக்க முடியாது.

இனி சுட்ட பிறகு. புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான், ஏனென்றால் எல்க் விழாது. நுரையீரலில் பட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும், அல்லது மெதுவாக நடந்து 50 மீற்றர் போய்ப் படுக்கும். தவறிவிட்டது என்று நினைத்துத் துவக்கை இறக்கிவிடாதீர்கள். நிற்கும்வரை, பாதுகாப்பாகச் சுட முடிகிற வரை, திரும்பச் சுடுங்கள். மறைந்துவிட்டால் அது நின்ற இடத்தையும் கடைசியாகத் தெரிந்த இடத்தையும் ஒவ்வொரு மரத்தை வைத்துக் குறித்துக்கொண்டு, தலைவருக்குச் சொல்லிவிட்டு, இருந்த இடத்திலேயே இருங்கள். பின்னாலேயே ஓடினால் படுத்துக்கிடப்பது எழும்பிக் கிலோமீற்றர் கணக்கில் போகும். பிறகு போய் இரத்தத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பு நுரை என்றால் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். கடும் சிவப்பு என்றால் ஈரலாக இருக்கலாம். பச்சையாகச் சாணம் கலந்திருந்தால் வயிறு, அப்போது மணிக்கணக்கில் பொறுத்து நாயோடுதான் போக வேண்டும். தேடுவதற்குப் பழக்கப்பட்ட, தேர்வில் தேறிய நாய் ஒன்று குழுவுக்குக் கிடைக்க வேண்டும் என்பது சட்டமே. தவறிவிட்டது என்று நீங்கள் சத்தியம் செய்தாலும் போய்ப் பார்த்து உறுதிப்படுத்துவது உங்கள் கடமை. காயம்பட்டது கிடைக்கவில்லை என்றால் அன்றைய வேட்டை அதோடு நின்று எல்லாரும் தேடுவோம், கொமியூனுக்கும், அதாவது உள்ளூராட்சிக்கும், அறிவிப்போம். ஒருமுறை இருட்டும்வரை ஒன்பது பேர் தேடினோம், அடுத்த நாள் காலையில்தான் கிடைத்தது. சுட்டவர் நான் இல்லை, ஆனாலும் அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

விழுந்ததும் வேலை தொடங்குகிறது. பின்பக்கத்தால் அணுகி, கண்ணை நீளமான குச்சியால் தொட்டுப் பாருங்கள், இமைத்தால் இன்னொரு சூடு. துவக்கை வெறுமையாக்கிய பிறகுதான் கத்தி. குடலை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறீர்களோ அவ்வளவு நல்லது, வயிறு ஊதினால் இறைச்சி கெடும். குடலையோ சலப்பையையோ கீறிவிட்டால் பட்ட இடத்தைக் கழுவாதீர்கள், வெட்டி எறியுங்கள். 2016இல் இங்கே காட்டுக் கலைமானிலும் எல்கிலும் மான்களின் மூளையை அழிக்கிற நோய் கண்டுபிடிக்கப்பட்டது, அதனால் சில இடங்களில் தலையிலிருந்து மாதிரி கொடுக்கச் சொல்வார்கள், கேட்டால் கொடுங்கள்.

இறைச்சியைப் பதமாகத் தொங்கவிடுவதற்கு இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, வெப்பநிலையை நாளால் பெருக்கினால் 40 வர வேண்டும். நாலு பாகையில் பத்து நாள், எட்டுப் பாகையில் ஐந்து நாள். பங்கு பிரிக்கும்போது எல்லாரும் பின்தொடையைப் பார்ப்பார்கள், நீங்கள் கழுத்தைக் கேளுங்கள், சண்டையில்லாமல் தருவார்கள். எலும்போடு வெட்டி, யாழ்ப்பாணத் தூள் போட்டு, மூன்று மணிநேரமாவது மெல்லிய நெருப்பில் விடுங்கள்.