கொசுக்கடியை வைத்து ஒரு சோதனை: அரிப்பை அடக்குவது யார்?

ஒரு புதுக் கொசுக்கடி, ஐஸ் கட்டி, மெல்லிய துணி, மேசையில் நிற்கும் அளவுக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, சிவப்புப் பேனா. இவ்வளவுதான் வேண்டும். முதலாவதைத் தேடிப் போக வேண்டியதில்லை, சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வைத்தால் தானே வரும். கடி முன்கையில் இருந்தால் வசதி.

படி 1: சொறியாதீர்கள். ஒரு நிமிடம் சும்மா கவனித்து, அரிப்புக்கு 0 முதல் 10க்குள் ஒரு மதிப்பெண் எழுதுங்கள். கொசுவின் எச்சில் உள்ளே போனதும் நம் உடம்பு ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியிடுகிறது, அது தோலில் இருக்கும் மெல்லிய நரம்பு நுனிகளைக் கிளப்பிவிடுகிறது. இந்த நரம்புகள் படு நிதானம், நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர்தான்.

படி 2: கடியைத் தொடாமல் இரண்டு விரல் தள்ளி நகத்தால் லேசாக வலிக்கும்படி அழுத்துங்கள். அரிப்பு கொஞ்சம் இறங்கும். ஏன்? அரிப்புச் செய்தி தோலிலிருந்து ஒரே வண்டியில் மூளைக்குப் போவதில்லை, தண்டுவடத்தில் இறங்கி வேறு நரம்புக்கு மாற வேண்டும். அந்த நேரத்தில் வலிச் செய்தி வந்து சேர்ந்தால், அங்கே காவலுக்கு இருக்கும் சின்ன நரம்பணுக்கள் அரிப்பை மேலே ஏறவிடாமல் தடுக்கின்றன. வலிக்கும் இப்படி ஒரு வாயில் உண்டு என்று மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் சொன்னார்கள். முழங்காலை இடித்துக்கொண்டால் யாரும் சொல்லாமலே தேய்க்கிறோமே, அதற்கு அவர்கள் தந்த விளக்கம் அது. (வலியைக் குறைக்கும் மார்ஃபின் சிலருக்கு அரிப்பைக் கிளப்பிவிடும். இரண்டும் அவ்வளவு நெருங்கிய பங்காளிகள்.)

படி 3: ஐஸைத் துணியில் சுற்றி ஓரிரு நிமிடம் வையுங்கள், மதிப்பெண் போடுங்கள். சர்க்கரை நோயால் கை மரத்துப்போகிறவர்கள் இதை விட்டுவிடுங்கள்.

படி 4: எனக்குப் பிடித்தது இதுதான். அரிப்பு திரும்பும்வரை காத்திருந்து, கண்ணாடியை இரு கைகளுக்கும் நடுவே நிறுத்துங்கள், அரிக்கும் கை அதன் பின்னால் மறைந்திருக்கட்டும். நல்ல கையில் அதே இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்து, கண்ணாடிக்குள் தெரியும் கையையே பார்த்தபடி, அந்தப் புள்ளியை வேறொருவரைச் சொறியச் சொல்லுங்கள். அரிக்காத கையைச் சொறிந்தால் அரிப்பு குறையுமா என்று சிரிக்காதீர்கள், ஜெர்மனியின் லூபெக் நகர ஆய்வாளர்கள் 2013இல் இதைச் செய்து பார்த்து, குறைகிறது என்று காட்டினார்கள். 2016இல் இதற்கு, முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. நிஜமாகச் சொறியும் அளவுக்குக் குறையாதுதான், ஆனாலும் தோலைத் தொடாமல், கண் சொன்னதை நம்பி மூளை ஓரளவு சமாதானமாகிவிடுகிறது.

படி 5: சரி, இப்போது கடியையே சொறிந்துகொள்ளுங்கள், பத்து நொடி மட்டும். உடனே சுகம். ஆனால் சொறிந்த வலியைத் தணிக்க மூளைத்தண்டிலிருந்து செரட்டோனின் என்ற வேதிப்பொருள் கீழே இறங்குகிறது, அதுவே தண்டுவடத்து அரிப்பு நரம்பணுக்களை இன்னும் உசுப்பிவிடுகிறது என்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எலிகளிடம் 2014இல் கண்டார்கள். பத்து நிமிடம் கழித்துக் கடைசி மதிப்பெண்ணைப் போடுங்கள், படி 1இல் எழுதியதைவிடக் கூடியிருந்தால் மறுபடி ஐஸ்தான்.