தலைவலிக்குச் சத்து மாத்திரை வாங்குவதற்கு முன்

தலைவலியும் சதைப்பிடிப்பும் அடிக்கடி வந்தால், சத்துக் குறைவு என்று நாமே தீர்மானித்து மெக்னீசியம், கால்சியம் மாத்திரைகளை வாங்கிவிடுகிறோம். அதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்த இடத்தில் வலித்தது, எப்போது வலித்தது, அன்று எவ்வளவு வியர்த்தது, என்ன குடித்தீர்கள், எந்த மருந்து சாப்பிட்டீர்கள்.

முதலில் வலிக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். தாது உப்புக் குறைவு பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கால்சியம் மிகவும் குறைந்தால் உதட்டைச் சுற்றியும் இரு கை விரல்களிலும் மரமரப்பு தோன்றும், பொட்டாசியம் குறைந்தால் தசைகள் பரவலாகத் தளரும். குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கு, விளக்கின் பட்டை அழுந்தும் இடத்திலேயே வலிக்கிறது என்றால் அந்தப் பட்டையைத் தளர்த்திப் பார்ப்பதுதான் முதல் வைத்தியம். கத்தி பிடிக்கும் மணிக்கட்டு மட்டும் வலித்தால், அதற்கும் மெக்னீசியத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

அடுத்தது உப்பிலுள்ள சோடியம், என் கணிப்பில் நாம் மிகவும் அசட்டை செய்வது இதைத்தான். உப்பளத்தில் நண்பகல்வரை நின்றவரின் சட்டை முதுகில் வியர்வை காய்ந்து வெள்ளைக் கோடாக உப்புப் பூத்திருக்கும். அவர் வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்து, இயல்பின் கீழ் எல்லையான லிட்டருக்கு 135 மில்லிமோலுக்கும் கீழே இறங்கக்கூடும். தலைவலி, குமட்டல், முற்றினால் குழப்பம் வரும். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரோ, பாக்கெட்டில் குறித்த அளவு நீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ். கரைசலோ உதவும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு என்பதால் அது மட்டும் போதாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகவும் முடியலாம். இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்குச் சோடியம் இறங்குவதுண்டு. அவர்கள் தாமாக மாத்திரையை நிறுத்தவோ உப்பைக் கூட்டவோ கூடாது, மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஒற்றைத் தலைவலி உள்ள சிலருக்கு மெக்னீசியம் பயன்படுகிறது என்பது உண்மையே. ஆனால் உடலிலுள்ள மெக்னீசியத்தில் ஏறத்தாழ 1 சதவீதமே இரத்தத்தில் இருப்பதால், இரத்தப் பரிசோதனையில் அளவு இயல்பாக இருந்தாலும் குறைவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. மாத்திரை வயிற்றுப்போக்கை உண்டாக்கலாம். சிறுநீரகம் பழுதானவர்கள் மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடக் கூடாது. சிறுபயறு, கீரை, அளவாக அண்டிப்பருப்பு (முந்திரி) ஆகியவற்றில் தொடங்குவது நல்லது.

மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகமுள்ள பெண்களுக்குத் தலைவலியோடு படியேறும்போது மூச்சும் வாங்கினால், இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையா என்று அறிய ஹீமோகுளோபினைப் பார்க்க வேண்டும். சாப்பிட்ட கையோடு கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) குடிப்பது உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

திடீரென்று மண்டை பிளப்பதுபோல் வலித்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, கை கால் தளர்ந்து பேச்சுக் குழறினாலோ நோட்டை மூடி வைத்துவிட்டு, நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ உடனே செல்ல வேண்டும்.