தேர்தலில் கம்பெனிப் பணம்: அமெரிக்க மாநிலங்களின் முயற்சிகளைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தேர்தலில் பணம் செலவழிக்கக் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது, இனி எதுவும் செய்வதற்கில்லை" என்று பலர் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். முதல் பாதியில் உண்மை இருக்கிறது. இரண்டாம் பாதி தவறு. மாநிலங்களில் வாக்காளர்களும் சட்டமன்றங்களும் விடாமல் செய்துவரும் வேலையை அது மறைத்துவிடுகிறது என்பதால் அதை அப்படியே விட்டுவிடவும் மனம் வரவில்லை.

இந்தக் குழப்பத்தின் வேர், எல்லாப் பணத்தையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவதுதான். வேட்பாளரிடம் நேரடியாகத் தரும் நன்கொடை ஒரு வகை. வேட்பாளரோடு கலந்து பேசாமல் ஒரு கம்பெனி தானாகவே விளம்பரத்துக்குச் செலவழிப்பது இன்னொரு வகை; இதைத் தனிச் செலவு என்பார்கள். சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் வந்த அந்த 2010 தீர்ப்பு விடுவித்தது இரண்டாவது வகையை மட்டுமே. முதல் வகைக்குக் கூட்டாட்சித் தேர்தல்களில் 1907இல் போட்ட தடை இன்றும் இருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தங்கள் தேர்தல்களிலும் அதே தடையை வைத்திருக்கின்றன. அவை ஏட்டுச் சுரைக்காயும் அல்ல. மொன்டானாவில் 2010 தேர்தலின்போது பிரசாரக் கடிதங்களை எழுதி, அச்சிட்டு, அனுப்பும் வேலையை ஓர் அமைப்பிடமிருந்து உரிய விலை தராமல் பெற்றுக்கொண்ட ஒருவர், சட்டத்தை மீறினார் என்று 2016இல் ஜூரி முடிவு செய்தது. அப்போது அவர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். அபராதமும் விழுந்தது.

இந்தியாவில் கம்பெனி நன்கொடைச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றே என்பதால், அங்கேயும் வாஷிங்டனை மட்டும் பார்த்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். அமெரிக்காவில் ஆளுநர் தேர்தலும் மாநிலச் சட்டமன்றத் தேர்தலும், பல மாநிலங்களில் நீதிபதிகளின் தேர்தலும் மாநிலச் சட்டப்படிதான் நடக்கின்றன.

மொன்டானாவை அறியாமல் இந்த விஷயத்தைப் பேசுவது பெரிய தவறு. செம்புச் சுரங்கத்தில் கொழுத்த வில்லியம் கிளார்க் என்பவர் செனட்டராக ஆசைப்பட்டார். அன்று செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தது மாநிலச் சட்டமன்றம். 1899 ஜனவரியில் ஃபிரெட் வைட்சைட் என்ற உறுப்பினர் கிளார்க் தரப்பு தந்த உறைகளைக் கொண்டுவந்து எல்லோர் முன்னிலையிலும் வைத்தார். அவற்றில் இருந்தது 30,000 டாலர். அதற்குப் பிறகும் அந்தச் சட்டமன்றம் கிளார்க்கையே தேர்ந்தெடுத்தது! செனட் குழு விசாரித்து அந்தத் தேர்வு செல்லாது என்று சொல்ல, 1900 மே மாதம் அவர் பதவி விலகினார். ஆளுநர் வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து, காலியான அதே இடத்துக்குக் கிளார்க்கையே நியமித்துவிட்டார் துணை ஆளுநர். 1903இல் இன்னொரு செம்புக் கம்பெனி, தனக்கு வேண்டிய சட்டத்தை நிறைவேற்றச் சிறப்புக் கூட்டத்தொடர் கூட்டும்வரை சுரங்கங்களையும் உருக்காலைகளையும் இழுத்து மூடி, ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைத் தெருவில் நிறுத்தியது. ஆளுநர் பணிந்தார். இதையெல்லாம் பட்டு அறிந்த மக்கள்தான் 1912இல் நேரடி வாக்கெடுப்பின் மூலம் கம்பெனிப் பணத்துக்குத் தடை போட்டார்கள்.

அந்தத் தடை நூறாண்டு நின்றது. சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பு வந்த பிறகும், 2011 டிசம்பரில், எங்கள் மாநிலத்தின் வரலாறே இந்தச் சட்டத்துக்கு நியாயம் என்று கூறி மொன்டானா உச்ச நீதிமன்றம் அதைக் காத்தது. 2012 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வாய்மொழி வாதம்கூடக் கேட்காமல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. கண்ணெதிரே நடந்த ஊழலை ஆதாரத்தோடு காட்டினாலும் போதாது என்றான அந்த முடிவு இன்றும் என்னை வருத்துகிறது. ஆனால் வருத்தத்தில், சட்டம் எதனால் விழுந்தது என்பதைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது. தனிச் செலவு ஊழலுக்கு இடம் தராது என்பதைக் கோட்பாடாகவே அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அதே அடித்தளத்தில் இன்னொரு தடை கட்டினால் அதுவும் விழும்.

வாக்கெடுப்பில் வென்றதும் வேலை முடிந்தது என்று கொண்டாடுவதும் தவறுதான். 2012 நவம்பரில் மொன்டானாவில் ஏறக்குறைய முக்கால்வாசி வாக்காளர்கள், கம்பெனிகளுக்கு மனிதருக்குரிய அரசியல் சாசன உரிமை இல்லை என்ற பிரகடனத்தை ஆதரித்தார்கள். அது அரசியல் சாசனத் திருத்தத்துக்குப் பாடுபடும்படி பிரதிநிதிகளைக் கேட்டுக்கொண்டதே தவிர, எந்தக் கம்பெனியின் கையையும் கட்டவில்லை. திருத்தம் நிறைவேற அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், பிறகு 38 மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும்.

மெய்ன் மாநிலத்தில் நடந்தது இன்னும் கூர்மையாகப் படிக்க வேண்டிய கதை. தனிச் செலவுக்காகப் பணம் திரட்டும் சூப்பர் பேக் குழுக்களுக்கு ஒருவர் ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேல் தரக் கூடாது என்ற சட்டத்தை 2024இல் மக்கள் பெரும் ஆதரவோடு நிறைவேற்றினார்கள். 2025இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தடுத்தது. உடனே வீண் முயற்சி என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் குழுக்களுக்கான நன்கொடைக்கு வரம்பு கூடாது என்று 2010இல் சொன்னது வாஷிங்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்விக்கு நேரடியாகத் தீர்ப்பளித்ததே இல்லை. அந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றத்தின் படியேற வைப்பதே மெய்ன் சட்டத்தை எழுதியவர்களின் நோக்கம். இந்த வரம்பு தனிப்பட்ட செல்வந்தர்களுக்கும் பொருந்தும் என்பதைக் கவனியுங்கள். சூப்பர் பேக்குகளுக்குக் கொட்டும் பணத்தில் பெரும்பகுதி அவர்களுடையது. கம்பெனிகளை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பணம் கண்ணில் படாமலே போகும்.

2025இல் மொன்டானாவிலிருந்து வேறொரு யோசனை கிளம்பியது. கம்பெனியை உருவாக்குவது மாநிலச் சட்டம். அதற்கு என்னென்ன அதிகாரம் என்று எழுதித் தருவதும் மாநிலமே. அப்படியானால் தேர்தலில் செலவழிக்கும் அதிகாரத்தை எழுதித் தராமலே விட்டால் என்ன? இதைப் பழைய தடையின் மறுபதிப்பு என்று நினைப்பது தவறு. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்துவதாக அல்லாமல், அதிகாரத்தை வழங்காமல் விடுவதாக இந்த வாதம் நடக்கிறது. நீதிமன்றங்கள் இதை ஏற்குமா என்பது வேறு கேள்வி. எதிர்ப்பு கடுமையாக இருக்கும்.

வெளிப்படைச் சட்டங்களைச் சில்லறை வேலை என்று ஒதுக்குபவர்களோடு எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பிலேயே ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் வெளிப்படை விதிகளை ஆதரித்தார்கள். பணம் கைமாறிக் கைமாறி, பெயர் கேட்டால் பொதுநலச் சங்கம் போலத் தோன்றும் அமைப்பின் விளம்பரமாக வரும். கொடுத்தவர் யார் என்பது கடைசிவரை தெரியாது. இதற்காகவே அரிசோனா மக்கள் 2022இல் 72 சதவீத ஆதரவோடு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மாநிலம் தழுவிய பிரசார விளம்பரங்களுக்கு 50,000 டாலருக்கு மேல் செலவழிக்கும் அமைப்பு, 5,000 டாலருக்கு மேல் வந்த பணம் முதலில் யாருடையது என்று சொல்ல வேண்டும். இடையில் எத்தனை அமைப்புகள் வழியாக அது வந்தாலும், அதை முதலில் சம்பாதித்தவர் வரை போக வேண்டும். பெயர் வெளிவர விரும்பாத நன்கொடையாளருக்கு 21 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் மறுத்துவிட்டால் அவர் பணத்தைப் பிரசார விளம்பரத்துக்குப் பயன்படுத்த முடியாது.