தண்ணி ரொக்கெட்: களிமண்ணை வாலில் அப்பாதீர்கள்

போன கிழமை எங்கள் ஒழுங்கைப் பெடியன்கள் மூன்று பேர் தரவையில் தண்ணி ரொக்கெட் விட்டார்கள். பௌதிகவியல் செயற்றிட்டமாம். ஒன்றரை லீட்டர் சோடாப் போத்தல், இறப்பர் தக்கை, சைக்கிள் பம். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் காற்றடித்தால் தக்கை கழன்று, தண்ணீர் கீழே பீய்ச்ச, போத்தல் மேலே பாயும். கிளம்பிய ரொக்கெட் பாதிப் பனை உயரத்தில் கரணமடித்து வேலிக்குள் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். நான் நினைத்தது சரி, வாலில் களிமண்!

தக்கை ஒழுகுவது, தாங்கி சரிவது எல்லாம் இரண்டாந் தரம் விடும்போது தானாகப் பிடிபடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கனத்தைக் கீழே வைப்பது

படிக்கிற காலத்தில் நானும் இதைத்தான் செய்தேன். தலையாட்டிப் பொம்மை அடி கனத்ததால்தானே நிமிர்கிறது, ரொக்கெட்டும் அப்படித்தான் என்று ஒரு கணக்கு. அது பக்கத்து வீட்டு மாமியின் கூரையில் பாய்ந்து எட்டு ஓடுகளை உடைத்தது. ஓட்டுக் காசை அப்பா கொடுத்தார். பேச்சை நான் வாங்கினேன்.

பொம்மைக்குக் கீழே நிலம் இருக்கிறது. பறக்கிற ரொக்கெட்டுக்கு அது இல்லை. அது தன் புவியீர்ப்பு மையத்தை, அதாவது பாரம் சமநிலையாகிற புள்ளியை, சுற்றித்தான் திரும்பும். சற்றுச் சரிந்ததும் காற்று அதன் அமுக்க மையத்தில் தள்ளும். காற்றின் தள்ளல் எல்லாம் சேர்ந்து விழுகிற புள்ளி அது. அது புவியீர்ப்பு மையத்துக்குப் பின்னால் இருந்தால் வால் தள்ளுப்பட்டு மூக்கு பழைய திசைக்கு வரும். முன்னால் இருந்தால் சரிவு கூடிக்கூடிக் கரணம்தான். ஆகவே மூக்கில் கனம், வாலில் அகலமான, பாரமில்லாத செட்டைகள். பட்டத்துக்கு வால் கட்டத் தெரிந்த ஊரில் இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் எரிச்சல்.

அமெரிக்க ரொக்கெட் முன்னோடி கொடார்ட்டுக்கே இதில் சறுக்கியது. 1926 மார்ச் 16இல் அவர் விட்ட முதல் திரவ எரிபொருள் ரொக்கெட்டில் எந்திரம் மேலே, எரிபொருள் தாங்கிகள் கீழே. ஊசல் மாதிரித் தொங்கினால் நேராகப் போகும் என்று எண்ணினார். அது இரண்டரை விநாடியில் சுமார் 12 மீற்றர்தான் உயர்ந்தது. பிறகு எந்திரத்தைக் கீழே கொண்டுபோனார்.

சோதிப்பது சுகம். வெறும் ரொக்கெட்டை நூலில் கட்டிச் சமநிலைப்படுத்துங்கள். அதுதான் புவியீர்ப்பு மையம். தண்ணீர் ஒரு விநாடிக்குள் வெளியேறிவிடும், மிச்சப் பறப்பெல்லாம் வெறும் போத்தல்தான். அப்புறம் ரொக்கெட்டின் பக்கத் தோற்றத்தை மட்டையில் வெட்டி அதையும் சமநிலைப்படுத்தினால் அமுக்க மையம் கிட்டத்தட்டத் தெரியும். முதலாவது மையம் இரண்டாவதைவிட ஒரு போத்தல் அகலமாவது, அதாவது 9 சென்ரிமீற்றர் அளவில், மூக்குப் பக்கம் இருக்க வேண்டும். கடைசியாக அதே நூலில் தலைக்கு மேல் சுழற்றிப் பாருங்கள். மூக்கு முன்னே போனால் விடலாம். வால் முந்தினால் மூக்கில் இன்னும் கொஞ்சம் களிமண்.

தண்ணீர்

போத்தலில் மூன்றில் ஒரு பங்கு.

சூட்டுப் பசை

வேண்டாம். போத்தல் இளகும்.

தீக்குச்சி மருந்து, பசளை

கையாலும் தொடாதீர்கள். விரல் போகும். விரல் தப்பினாலும், எங்கள் ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் யார் யார் வாசலுக்கு வருவார்கள் என்று தெரியும்தானே.

போத்தல்

சோடாப் போத்தல்தான். குடிதண்ணீர்ப் போத்தலின் சுவர் மெல்லியது, வெடிக்கும். கீறல் விழுந்ததும் வேண்டாம். நான் பம்மின் மானியில் 60 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அமுக்கம்) மேல் அடிப்பதில்லை. அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொண்டு, நீளமான குழாய் வைத்துத் தள்ளி நில்லுங்கள். கிளம்பாவிட்டால் குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள்.

அளவீடு

'பனை உயரம் போனது' என்று அறிக்கையில் எழுதினால் புள்ளி வராது. 30 மீற்றர் தள்ளி நின்று பாகைமானியால் கோணம் எடுங்கள். 45 பாகை என்றால் உங்கள் கண்மட்டத்துக்கு மேல் 30 மீற்றர். சோளகம் வீசுகிற நாளில் ரொக்கெட் ஒதுங்கும், எதிரெதிரே இரண்டு பேர் அளக்க வேண்டும். தக்கையும் ஒவ்வொரு தரமும் வெவ்வேறு அமுக்கத்தில் கழலும். கழன்ற கணத்தில் பம்மின் மானி காட்டியதைக் குறிக்காவிட்டால் வரைபில் புள்ளிகள் சிதறிக் கிடக்கும்.

பெடியன்கள் களிமண்ணைச் சுரண்டி மூக்குக்கு மாற்றினார்கள். இரண்டாவது தரம் நேராகத்தான் போனது. இறங்கியது மட்டும் மாமியின் வளவுக்குள்.