பழைய கேசட்டும் ஆல்பமும் குடும்பப் படமாகும் முறை

குடும்பப் படம் ஒன்றைத் தயாரிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் புகைப்பட ஆல்பத்தைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். வேலையை வீடியோ கேசட்டுகளிலிருந்து தொடங்குவதே சரி. அலமாரியில் இருக்கும் புகைப்படம் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கும். காந்த நாடா காத்திருக்காது. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவதால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பொருள் அறையில் அட்டைப் பெட்டிக்குள் கிடக்கும் கேசட்டில் பூஞ்சை பிடிப்பது இங்கு வழக்கமான செய்தி. அவற்றை ஓட்டும் விசிஆர் இயந்திரமும் அருகிவிட்டது. விசிஆர் தயாரித்து வந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016ஆம் ஆண்டில் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

கேசட்டை இயந்திரத்தில் போடுவதற்கு முன், அதன் ஒளிபுகும் சாளரம் வழியாக நாடாச் சுருளை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடியோ மெல்லிய படலமோ தெரிந்தால் அது பூஞ்சை. அதை ஒருமுறை ஓட்டினாலும் இயந்திரத்தின் தலைப்பகுதி பாழாவதோடு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை பரவும். அத்தகையவற்றைத் தனித்தனிப் பைகளில் மூடி ஒதுக்கிவைத்து, நாடாவைத் துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுக்கலாம். நல்ல நிலையில் உள்ளவற்றின் முதுகுப் பக்கத்தில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிட்டால் தவறுதலாகக்கூட மேலே பதிவு விழாது. பிறகு முழுவதையும் ஒருமுறை முன்னோக்கி ஓட்டி, மறுபடி சுற்றிய பின்பே பார்க்கத் தொடங்க வேண்டும்.

மாற்றும் வேலைக்குக் குறுக்குவழி இல்லை. மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். விசிஆரையும் கணினியையும் யுஎஸ்பி பதிவுக் கருவி ஒன்றால் இணைத்து வீட்டிலேயே செய்யலாம். ஆனால் மிக மலிவான கருவிகளில் இடையிடையே படங்கள் விடுபட்டு, போகப்போக உதட்டசைவும் குரலும் பொருந்தாமல் போவதுண்டு. ஆகையால் ஒவ்வொரு பதிவின் கடைசிப் பகுதியையும் போட்டுப் பார்ப்பது நல்லது. சிங்கப்பூர், மலேசியா, இந்தியா ஆகிய மூன்றிலும் வழங்கியது ‘பால்’ (PAL) என்னும் வீடியோ முறைதான். அமெரிக்காவிலோ ஜப்பானிலோ இருந்த உறவினர் அனுப்பிய கேசட் என்டிஎஸ்சி (NTSC) என்னும் வேறு முறையில் இருக்கக்கூடும் என்பதால், அதை ஓட்டவல்ல இயந்திரம் தேவைப்படும். கைக்கேமராக்களில் போடும் மினிடிவி (MiniDV) கேசட் வேறு வகை. அதில் இருப்பது ஏற்கெனவே எண்மப் பதிவு என்பதால், மஞ்சள் கம்பியால் இணைத்துத் தரத்தைக் குறைக்காமல், கேமராவிலிருந்து ஃபயர்வயர் என்னும் எண்மக் கம்பி வழியாக அப்படியே நகலெடுக்க வேண்டும். ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 13 ஜிபி இடம் பிடிக்கும்.

கடையில் கொடுப்பவர்கள் டிவிடியாக வாங்கிக்கொள்ள வேண்டாம். டிவிடியில் படம் வெகுவாகச் சுருக்கப்பட்டிருக்கும். எழுதப்பட்ட தட்டும் நாளடைவில் பழுதாகும். ஒவ்வொரு கேசட்டும் தனிக் கோப்பாக, வெட்டாமல், அழகுபடுத்தாமல் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மூலக் கேசட்டுகளையும் திரும்பப் பெற வேண்டும். இந்தத் தொடாத கோப்பே மூலப்பிரதி. வெட்டல், ஒட்டல், நிறத் திருத்தம் அனைத்தும் அதன் நகலில்தான்.

புகைப்படங்களில் சிக்கல் தருபவை ஒட்டும் பக்கங்கள் கொண்ட பழைய ஆல்பங்கள். பிளாஸ்டிக் தாளை உரித்த பின், பல் இடுக்கைத் துப்புரவு செய்யும் நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே விட்டு மெல்ல அறுப்பதுபோல் இழுத்தால் பல படங்கள் சேதமின்றிக் கழன்றுவிடும். வராத படத்தை வலிந்து பிடுங்காமல் பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடலாம். 4ஆர் (4க்கு 6 அங்குலம்) அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) போதும். அது ஏறத்தாழ 2400க்கு 3600 புள்ளிகள் தரும் என்பதால், திரையில் ஒரு முகத்தை நெருக்கிக் காட்டினாலும் படம் உடையாது. பின்பக்கத்தில் எழுத்தோ ஸ்டூடியோ முத்திரையோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்ய வேண்டும்.

காலத்தைக் கண்டுபிடிக்க ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் விழுந்திருக்கும் தேதியை மட்டும் நம்ப முடியாது. கேமராவில் தேதியைச் சரியாக வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் அவ்வளவாக இருந்ததில்லை. படத்தின் பின்னணியே நல்ல சாட்சி. சிங்கப்பூர்க் கடைப் பலகையிலோ ஸ்டூடியோ உறையிலோ தரைவழித் தொலைபேசி எண் ஏழு இலக்கமாக இருந்தால் அது 2002க்கு முந்தியது. அஞ்சல் குறியீடு நான்கு இலக்கமாக இருந்தால் 1995க்கு முந்தியது. எம்ஆர்டி ரயிலில் பயணிப்பதுபோல் படம் இருந்தால் 1987 நவம்பருக்குப் பிந்தியது. ஸ்டாம்ஃபர்ட் சாலையின் செங்கல் நிறத் தேசிய நூலகத்துக்குள் எடுத்த படமென்றால், அது 2004இல் மூடப்படுவதற்கு முன்பு எடுத்ததாக இருக்க வேண்டும்.

இவை ஆண்டைத்தான் சொல்லும். தைப்பூசத்தன்று காவடிக்குப் பக்கத்தில் நிற்பவர் யார், அந்தக் கம்பத்து (சிற்றூர்) வீட்டு வாசலில் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் அம்மாள் எந்த வகையில் உறவு என்பதெல்லாம் பாட்டிக்கோ பெரியப்பாவுக்கோதான் தெரியும். ஆகவே தொகுப்பைத் தொடங்குவதற்கு முன்பே அவர்களிடம் உட்கார வேண்டும். “பாட்டி, உங்கள் கதையைச் சொல்லுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் நாலு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள், ஒரு படத்தைக் கையில் கொடுத்து, “இது யார் வீட்டு வாசல், பாட்டி?” என்று கேட்டால் பேச்சு தானாக நீளும். கைப்பேசியின் ஒலிப்பதிவே போதும். சட்டையில் செருகும் சிறு மைக் இருந்தால் இன்னும் தெளிவாக இருக்கும். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிட வேண்டும், அதன் இரைச்சலைப் பிறகு நீக்குவது எளிதன்று.

தொகுக்கும்போது பலரும் முதலில் செய்வது, முழுப் படத்துக்கும் அடியில் ஒரு சினிமாப் பாட்டைப் போடுவது. அதைத் தவிர்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கூலிக்கு ஆள் வைத்து எடுத்த அந்தக் காலக் கல்யாண கேசட்டுகளில் பாட்டும் இதய வடிவ விளைவுகளுமாய் நிரப்பி, தாலி கட்டும்போது எழுந்த பேச்சொலியை அடியோடு அழித்திருப்பார்கள். மணமக்களின் முகம் இருக்கிறது, அவர்களைச் சுற்றி இருந்தவர்களின் குரல் இல்லை. அதைவிட, மாமா கைநடுங்க எடுத்த பிறந்தநாள் காட்சிக்குத்தான் மதிப்பு அதிகம். இறந்துபோனவர் “இங்கே பாரு, இங்கே பாரு” என்று கேமராவுக்குப் பின்னால் நின்று சொல்வது அதில் கேட்கும். அத்தகைய குரல் வரும் இடங்களில் இசை அறவே வேண்டாம். குரலற்ற புகைப்படத் தொடருக்குத் தாத்தா பாட்டியின் ஒலிப்பதிவைப் போடலாம். சினிமாப் பாட்டு இருக்கும் படத்தை யூடியூபில் ஏற்றினால் உரிமைக் கோரலும் வரக்கூடும்.

நீளம் பத்து, பன்னிரண்டு நிமிடம் போதும். தனிப் படத்துக்கு நான்கைந்து விநாடியும், முகம் முகமாகத் தேடிப் பார்க்க வேண்டிய குடும்பக் குழுப்படத்துக்கு அதைப் போல் இருமடங்கும் விடலாம். பழைய வீடியோவை அகலத் திரைக்கேற்ப இழுத்துப் பரப்பினால் எல்லாரும் பருத்துத் தெரிவார்கள். இருபுறமும் கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். ‘பால்’ முறை வீடியோ ஒவ்வொரு விநாடியும் 50 அரைப்படங்களால் ஆனது என்பதால் கணினியில் அசைவின்போது சீப்புப் பற்கள்போல் கோடுகள் தெரியும். தொகுப்பு மென்பொருள்கள் பலவற்றில் அதை நீக்கும் வசதி உண்டு. வெட்டி ஒட்டும் வேலைக்கு டாவின்சி ரிசால்வ் என்னும் தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பே போதுமானது. தமிழில் பெயர்களை எழுதும்போது ஒரு சோதனை அவசியம்: சில மென்பொருள்களில் ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறிவிடும். அப்படியானால் பெயர்ப் பலகையை வேறிடத்தில் படமாகத் தயாரித்துக் கொண்டுவந்து வைக்கலாம்.

முடிந்த படத்தை எச்.264 வகை எம்பி4 கோப்பாக வெளியிட்டால், பென் டிரைவ் செருகும் வசதி உள்ள பழைய தொலைக்காட்சிகள் பலவற்றிலும் ஓடும். பென் டிரைவ் பரிசளிக்கத்தான் ஏற்றது, காத்துவைக்க ஏற்றதன்று. மூலப்பிரதிகளும் ஸ்கேன் படங்களும் ஒலிப்பதிவுகளும் வீட்டில் இரண்டு வன்தட்டுகளிலும், மூன்றாவது நகல் இணையச் சேமிப்பிலோ ஜோகூரில் இருக்கும் தங்கை வீட்டிலோ இருக்க வேண்டும். ஒவ்வொரு கோப்புறையிலும் யார், எங்கே, எப்போது என்று எழுதிய எளிய உரைக் கோப்பு ஒன்றை வைத்துவிட வேண்டும். இல்லாமற்போன கம்பமோ சந்தையோ நீளமாகப் பதிவாகியிருந்தால், தனியாரின் ஆவணங்களையும் சேகரிக்கும் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்திடம் காட்டிக் கேட்கலாம்; அதற்கு முன் படத்தில் இருப்பவர்களின் ஒப்புதலைப் பெற்றுவிட வேண்டும்.