டாஷண்ட் வளர்க்கப் போகிறீர்களா? குட்டி வருமுன் ஆசாரியைக் கூப்பிடுங்கள்

டாஷண்ட் நாய்க்குட்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், அது வீட்டுக்கு வருவதற்குள் முடிக்கவேண்டியது தச்சு வேலை. தட்டு, பொம்மை, படுக்கை எல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

ஜெர்மனியில் வளைக்குள் புகுந்து பேட்ஜர் என்ற விலங்கைப் பிடிப்பதற்காக உருவாக்கிய இனம் இது. காலைக் குட்டையாக்கிய அதே மரபணு மாற்றம், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தையாக இருக்கும் தட்டுகளையும் சின்ன வயதிலேயே இறுக்கிவிடுகிறது. இறுகிய தட்டு ஒருநாள் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தினால் பின்னங்கால்கள் விழுந்துவிடும். டாஷண்டுகளில் ஏறக்குறைய நாலைந்தில் ஒன்றுக்கு இந்தத் தொல்லை வருகிறது, பெரும்பாலும் 3 முதல் 7 வயதுக்குள். மரபணுவை நாம் மாற்ற முடியாது. குதிப்பதையும் வழுக்குவதையும் எடை கூடுவதையும் தடுக்கலாம்.

1. சாய்வுப் பலகை

சோபாவில் ஏறக்கூடாது என்று டாஷண்டுக்குச் சொல்லிப் பயனில்லை, அது ஏறும். ஏறுவதைவிட இறங்கும்போது குதிப்பதுதான் ஆபத்து. அதனால் வழி செய்து கொடுத்துவிடுவது நல்லது.

சோபாவின் உயரத்தை அளந்து, அதைப்போல மூன்று மடங்கு நீளத்துக்குப் பலகை வெட்டச் சொல்லுங்கள். 40 செ.மீ. உயரத்துக்கு 120 செ.மீ. பலகை, 40 செ.மீ. அகலம். இதைவிடக் குட்டையாகப் போட்டால் சரிவு செங்குத்தாகி, நாய் பாதியிலேயே குதித்துவிடும். கடற்கரை ஊர் ஈரத்தில் சாதா பிளைவுட் ஒரே மழைக்காலத்தில் உப்பிவிடும். தண்ணீர் தாங்கும் 18 மி.மீ. பிளைவுட்டும் துருப்பிடிக்காத எஸ்.எஸ். ஸ்க்ரூவும் கேட்டு வாங்குங்கள். மேலே தென்னைநார் மிதியடியை இறுக்கமாக ஒட்டி, இரண்டு ஓரத்திலும் 2 அங்குலக் கட்டை அடித்துவிட்டால் கால் விலகாது.

பலகையைச் சாய்த்து வைத்துவிட்டுக் குட்டியை ஏறச் சொன்னால் அது சுற்றிப் போய்விடும். முதலில் பலகையைத் தரையில் தட்டையாகப் போட்டு, மேலே வேகவைத்த கோழித் துண்டுகளை வரிசையாக வையுங்கள். அது கூச்சமில்லாமல் நடக்க ஆரம்பித்ததும் ஒரு முனைக்கு அடியில் ஒரு செங்கல், பிறகு இரண்டு, கடைசியில்தான் சோபா. இறங்கப் பழக்குவதற்குக் கூடுதல் நாள் ஆகும், அவசரப்படாதீர்கள்.

2. டைல்ஸ், மாடிப்படி, ஸ்கூட்டர்

வழவழ டைல்ஸில் திரும்பும்போது பின்னங்கால் சறுக்கி இடுப்பு முறுக்கிக்கொள்ளும். நாய் வழக்கமாக ஓடும் பாதையில், அதாவது வாசல் கதவு முதல் சமையலறை வரை, அடியில் ரப்பர் உள்ள விரிப்பு போடுங்கள். நடக்கும்போது டைல்ஸில் நகம் டக்டக்கென்று கேட்டால் நகம் வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். 2, 3 வாரத்துக்கு ஒருமுறை வெட்டவேண்டும்.

மொட்டைமாடிப் படிக்குக் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு போதும். பலர் கவனிக்காத இடம் ஸ்கூட்டர். முன்னால் கால் வைக்கும் இடத்தில் நிற்கவைத்துக் கூட்டிப்போனால், வண்டி நின்றதும் முதல் ஆளாகக் குதிப்பது அதுதான்.

3. தூக்கும் விதம்

ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்புறத்துக்கு அடியில். முதுகு தரைக்குச் சமமாக இருக்கவேண்டும். முன்னங்கால்களைப் பிடித்துக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கக்கூடாது. இதை வீட்டில் எல்லோருக்கும் செய்துகாட்டுங்கள். சின்னப் பிள்ளைகள் தூக்கவே வேண்டாம், தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளட்டும்.

4. சாப்பாடு

8 கிலோ உள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கிராம் சோறு, எலும்பில்லாத வேகவைத்த கோழி 100 கிராம், பூசணி அல்லது கேரட் 50 கிராம். உப்பு வேண்டாம். இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். இதில் சுண்ணாம்புச் சத்து போதாது, என்ன சேர்ப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் உலர்ந்த நாய் உணவானால் 120 கிராம் போதும், ஆனால் கையளவில் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

எடை கூடுவது இந்தச் சாப்பாட்டால் அல்ல. தாத்தா டீ குடிக்கும்போது போடும் மேரி பிஸ்கட்டால். நாலு பிஸ்கட் கிட்டத்தட்ட 100 கலோரி, இந்த நாயின் ஒருநாள் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு. தாத்தாவைத் திருத்த முடியாது என்றால் பிஸ்கட் டப்பாவில் கேரட் துண்டுகளை நிரப்பி வையுங்கள், நாய்க்கு வித்தியாசம் தெரியாது. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்படவேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரியவேண்டும்.

சாம்பார் சோறு கூடாது, வெங்காயம் நாய்க்கு ரத்தசோகை உண்டாக்கும். திராட்சை, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு ஆகியவையும் வேண்டாம். பண்ருட்டிப் பலாச்சுளை ஒரு துண்டு பரவாயில்லை, கொட்டை தொண்டையில் சிக்கும். முந்திரியில் கொழுப்பு அதிகம், அது கணையத்தைக் கெடுக்கும்.

5. வெளியே கூட்டிப்போவது

கழுத்துப் பட்டையில் கயிறு மாட்டி இழுக்காதீர்கள், கழுத்துத் தட்டுகளும் பிதுங்கும். நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். காலையும் மாலையும் 20 நிமிடம் போதும். வயிறு தரையோடு இருப்பதால் ரோட்டுச் சூடு நேராக ஏறும். அக்னி நட்சத்திர நாட்களில் காலை 7 மணிக்குள் திரும்பிவிடுங்கள். புறங்கையைத் தார் ரோட்டில் வைத்து 5 விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயும் நடக்கக்கூடாது.

கடலூர் சில்வர் பீச்சோ புதுவைக் கடற்கரையோ, மணலில் ஹார்னஸை அவிழ்க்கவே வேண்டாம். வலையிலிருந்து கழித்துப்போட்ட பேத்தை மீன் கரையில் கிடக்கும். அதன் விஷத்துக்கு மாற்றுமருந்து கிடையாது. தூண்டில் முள்ளும் கிடக்கும். வீட்டுத் தோட்டத்தில் பெருச்சாளி வளை இருந்தால் அடைத்துவிடுங்கள். வளையைக் கண்டால் மூக்கை நுழைப்பது இதன் பிறவிக் குணம், உள்ளே இருப்பது பாம்பாகவும் இருக்கலாம். அதே காரணத்துக்காக எலி மருந்தும் வைக்கக்கூடாது.

6. ஊசி, உண்ணி, மழைக்காலம்

8 வாரம் ஆகாத குட்டியை வாங்காதீர்கள். கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3, 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை. வெறிநோய் ஊசி 12 வாரத்தில். பிறகு டாக்டர் சொல்லும் தேதியில்.

உண்ணி இங்கே வருஷம் முழுக்க உண்டு. காதுக்குள், விரலிடுக்கில், பட்டைக்கு அடியில் தினமும் பாருங்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கவேண்டும், நெருப்பு வைக்கவோ மண்ணெண்ணெய் தடவவோ கூடாது. சாப்பாட்டை ஒதுக்கி, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை.

ஐப்பசி, கார்த்திகையில் வேறொரு தலைவலி. மழையில் வயிறு நனையும் என்று டாஷண்ட் வெளியே போக மறுத்து, கட்டிலுக்கடியில் முடித்துவிடும். மழை தொடங்குமுன்பே சன்ஷேடுக்கு அடியில் மணல் தட்டு வைத்துப் பழக்குங்கள். கெடிலம், தென்பெண்ணை ஓரத்துத் தெருக்களில் தேங்கும் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் ஊசி தவறவேண்டாம், நடந்துவந்ததும் வயிற்றையும் விரலிடுக்கையும் கழுவித் துடையுங்கள். தொங்கும் காதில் ஈரம் தங்கிப் புளித்த வாடை வந்தால் எண்ணெய் விடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

7. முதுகு பிடித்துவிட்டால்

முதல் அறிகுறி நொண்டல் அல்ல. வழக்கமாக ஏறும் பலகையில் ஏறாது, நடுங்கும், முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும், தூக்கினால் கத்தும். அடுத்த கட்டத்தில் பின்னங்கால் தள்ளாடி, பாதம் மடங்கிக்கொள்ளும்.

உடனே அதை ஒரு கூண்டில் போட்டு அசையாமல் வையுங்கள். எண்ணெய் தேய்ப்பது, சுளுக்கு எடுப்பவரிடம் கொண்டுபோவது இரண்டும் வேண்டாம், பிதுங்கிய தட்டு இன்னும் உள்ளே போகும். நாம் போடும் பாரசிட்டமால், ஐபுபுரூஃபன் அதற்கு விஷம். பலகையில் படுக்கவைத்து ஆட்டோவிலோ காரிலோ கொண்டுபோங்கள். புதுச்சேரி குரும்பாப்பேட் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி கடலூர்க்காரர்களுக்கும் பக்கம். பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளினாலும் உணர்வே இல்லை என்றால் சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்கவேண்டும். அறுவை சிகிச்சை தள்ளிப்போகப் போக கால் திரும்பும் வாய்ப்பு குறையும்.

நடக்க முடிகிற நாய்க்குப் பெரும்பாலும் மருந்தும் ஓய்வும்தான். ஓய்வு என்றால் குறைந்தது 4 வாரம் கூண்டுக்குள். மாத்திரையில் வலி குறைந்ததும் பத்து நாளில் துள்ளும், வீட்டார் இரக்கப்பட்டுத் திறந்துவிடுவார்கள், அங்கேதான் கெடும். மூத்திரத்துக்கும் தூக்கிக்கொண்டே போய், இடுப்புக்கடியில் துண்டு கொடுத்துத் தாங்கி, முடித்ததும் நேராகக் கூண்டுக்குள்.