சர்வாதிகாரியின் வீட்டுக்குள் கேமராவோடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிறு சாயங்காலம், வியாசர்பாடியில் ஒரு மொட்டைமாடி. நாலைந்து பேர், ஆளுக்கொரு தட்டு அத்தோ (பர்மா நூடுல்ஸ்), நடுவில் ஒரு திரைக்கதைக் கட்டு, காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் வாழைத்தண்டு சூப் கிண்ணம். எழுதிய தம்பிக்கு இருபத்தாறு வயது. அவன் ஆயா ரங்கூனில் இருந்து கப்பலில் வந்தவர், அதனால் பர்மாவை ஆண்ட ராணுவ சர்வாதிகாரி நே வின் பற்றிப் படம் எடுத்தே தீருவேன் என்கிறான். ஆட்சியைத் தொடப்போவதில்லையாம், வீட்டுக்குள் நடப்பது மட்டும்தானாம். முதல் காட்சியில் ஜெனரல் இருட்டறையில் தனியாக உட்கார்ந்து இசைத்தட்டு கேட்டபடி அழுகிறார்.

"இவர் எதுக்குப்பா அழுவுறார்?" என்று கேட்டேன்.

"அவரும் மனுசன்தானேண்ணா."

இந்தப் பதிலை நான் இதுவரை குறைந்தது பத்துப் பேரிடம் கேட்டிருக்கிறேன், ஆள் மட்டும் மாறும், ஹிட்லர், ஸ்டாலின், முசோலினி என்று. மனுசன் இல்லை என்று யார் சொன்னது? அந்த மனுசனை நீ எங்கிருந்து எடுத்தாய் என்பதுதான் கேள்வி. 1932-ல், ஹிட்லர் பதவிக்கு வருவதற்கு முன்பே, அவருடைய புகைப்படக்காரர் ஹாஃப்மன் ஒரு படப் புத்தகம் போட்டார். தலைப்பே 'யாருக்கும் தெரியாத ஹிட்லர்' என்கிற மாதிரிதான். நாயோடு ஹிட்லர், குழந்தைகளோடு ஹிட்லர், மலைக்காற்றில் ஹிட்லர். அதாவது 'வீட்டில் இவர் எவ்வளவு எளிமை பாருங்கள்' என்பதை அவர்களே காசு போட்டு அச்சடித்து விற்றார்கள். தொண்ணூறு வருடம் கழித்து நாம் அதே நாயையும் அதே குழந்தையையும் ஃபிரேமில் வைத்துவிட்டு, யாரும் காட்டாத பக்கத்தைக் காட்டிவிட்டோம் என்று திரைப்பட விழாவுக்கு அனுப்பினால், ஹாஃப்மனுக்குச் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்த மாதிரிதான். ஹிட்லரின் காதலி ஏவா பிரவுன் 16 மி.மீ. கேமராவில் கலரில் எடுத்த படச்சுருள்களும் இருக்கின்றன, வெயில், மாடித்தளம், சிரிப்பு. அதைப் பார்த்துவிட்டு 'உண்மையில் இப்படித்தான் இருந்திருக்கிறார்கள்' என்று நம்பிவிடாதீர்கள். கேமரா முன்னால் நின்ற எல்லோருக்கும் கேமரா இருப்பது தெரியும்.

அடுத்தது தனிமை. சர்வாதிகாரியைத் தனியாக உட்கார வைப்பதில் நம் ஆட்களுக்கு அப்படியொரு ஆசை. எனக்குத் தெரிந்து அந்த மாதிரி வீட்டில் யாரும் தனியாக இருந்ததே இல்லை, காவலாள், சமையல்காரர், மருத்துவர், சுருக்கெழுத்துக்காரர் என்று சுவருக்குச் சுவர் ஆள். அறைக்குள் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நடுவில் உட்கார்ந்திருப்பவர் முகத்தை விடுங்கள், குடுவையைப் பிடித்திருப்பவரின் கையைப் பாருங்கள்.

ஸ்டாலினின் கடைசி நாட்களை எடுத்துக்கொள்வோம். 1953 மார்ச் 1. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் அவர் வாழ்ந்த குந்த்ஸெவோ மாளிகையில் விடிய விடிய விருந்து, விருந்தாளிகள் அதிகாலையில் கிளம்பிவிட்டார்கள். காலை போனது, மதியம் போனது, அறையில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. கூப்பிடாமல் உள்ளே போகக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சாயங்காலம் உள்ளே விளக்கு எரிந்ததும் காவலர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது, ஆனாலும் கூப்பிடவில்லை, ஆகவே யாரும் போகவில்லை. நீ போ, நீ போ என்று ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் தபால் கட்டை ஒரு சாக்காகத் தூக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே போனால், தரையில் கிடக்கிறார், பேச்சில்லை, உடையெல்லாம் நனைந்திருக்கிறது. மருத்துவர்கள் வந்தது மறுநாள் காலையில். மார்ச் 5-ல் உயிர் போனது. இதில் படம் எங்கே இருக்கிறது? மூடின கதவுக்கு வெளியே, தபாலைக் கையில் வைத்துக்கொண்டு தட்டலாமா வேண்டாமா என்று நிற்கிறானே, அவனிடம் இருக்கிறது. மூன்று நிமிடம் அவன் கையையும் கதவையும் மட்டும் காட்டினாலே போதும், கோடிக்கணக்கான பேர் அந்த நாட்டில் எப்படி மூச்சு விட்டார்கள் என்று தெரிந்துவிடும். நாம் என்ன செய்கிறோம், கதவுக்கு உள்ளே போய் அவர் மூச்சுத் திணறுவதை மிக நெருக்கத்தில் வைத்து, பின்னால் வயலின் போடுகிறோம்.

நோயும் இப்படித்தான் ஏமாற்றும். கை நடுங்கினால் பார்க்கிறவருக்குப் பாவமாகத்தான் இருக்கும், அது பார்வையாளரின் குற்றம் இல்லை. ரஷ்ய இயக்குநர் சொகுரோவ் ஹிட்லர், லெனின், ஜப்பான் பேரரசர் ஹிரோஹிட்டோ என்று வரிசையாக மூன்று படம் எடுத்தாரே, அதில் லெனின் பக்கவாதத்தில் கிடக்கிறார். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் நோயைப் பிடித்துக்கொள்கிறார்கள், கூடவே அந்த மங்கல் வெளிச்சத்தையும். (பனிமூட்டத்துக்குக் கற்பூரப் புகை போட்டு ராயபுரத்துப் பழைய பங்களாவில் படம் எடுத்த கோஷ்டி ஒன்று எனக்குத் தெரியும். பாதிப் பேருக்கு இருமல்தான் மிச்சம்.) போர்ச்சுகலின் சலாசாரைப் பாருங்கள். 1968-ல் நாற்காலியில் இருந்து விழுந்து மண்டையில் அடி, அப்புறம் பக்கவாதம். பதவியில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டார்கள். அதைக் கிழவரிடம் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. 1970-ல் சாகிறவரை தான்தான் பிரதமர் என்று நினைத்துக்கொண்டிருந்தார், பழைய அமைச்சர்கள் வந்து பார்த்துவிட்டு அப்படியே நடித்துவிட்டுப் போனார்கள். இங்கேயும் நோயாளியைவிட, பதவி போன கிழவர் முன்னால் பணிவாக நின்று தலையாட்டுகிற அந்த அமைச்சர் முகம்தான் எனக்கு வேண்டும்.

குரல் விஷயம். திரைக்கதைகளில் ஹிட்லர் சாப்பாட்டு மேசையிலும் கத்துகிறார், உப்புக் கேட்பதற்குக்கூட. 1942 ஜூன் 4-ல் பின்லாந்துத் தளபதி மன்னர்ஹைமின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குப் போனபோது, ரயில் பெட்டிக்குள் அவர் பேசியதை அந்நாட்டு வானொலிப் பொறியாளர் ஒருவர் ரகசியமாகப் பதினோரு நிமிடம் பதிவு செய்துவிட்டார். தாழ்ந்த, சாவகாசமான குரல், யாரோ ஒரு பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வது போல. 2004-ல் வந்த 'டௌன்ஃபால்' படத்தில் ஹிட்லராக நடித்த புருனோ கான்ஸ் அதைத்தான் கேட்டுக் கேட்டுப் பழகினார். கத்தலைவிட அந்தக் குரல் கூடுதலாக வயிற்றைப் பிசைகிறது.

மனைவி, மகள் பாத்திரங்களை அவர் சோகத்தைக் கேட்கும் காதுகளாக மட்டும் வைக்காதீர்கள். ஸ்டாலினின் மனைவி நதேஷ்தா 1932 நவம்பரில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். அம்மா நோயில் இறந்ததாகத்தான் மகள் ஸ்வெத்லானாவுக்குச் சொன்னார்கள். உண்மை அவளுக்குப் பதினாறு வயதில் தெரிந்தது, அதுவும் ஒரு ஆங்கிலப் பத்திரிகையைப் புரட்டும்போது. நாட்டில் இருந்த தணிக்கை அப்படியே வீட்டுக்குள்ளும் இருந்திருக்கிறது. அந்த மகளைப் பற்றி ஒரு படம் வந்தால் முதல் வரிசையில் நான் உட்காருவேன்.

நினைவுக் குறிப்புகளை நம்புவது பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. கூட இருந்தவர் எழுதினால், தன் கையைக் கழுவிக்கொண்டுதான் பேனாவை எடுப்பார். ஹிட்லரின் கட்டடக் கலைஞராகவும் அமைச்சராகவும் இருந்த ஷ்பேயர் இருபது வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்து எழுதினதைப் படித்தால், நடந்ததில் அவருக்குச் சம்பந்தமே இல்லையோ என்று தோன்றும்.

இனி நம்ம நே வின். தம்பியின் இரண்டாம் பாகத்தில் அவர் டால்பின் ரத்தத்தில் குளிக்கிறார், கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தைச் சுடுகிறார். ரெண்டுமே வதந்தி. வதந்தியைக் காட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. யாரோ ஒருவர் இன்னொருவர் காதில் சொல்வதாகக் காட்டு, நடந்ததாகக் காட்டாதே. நடந்ததே போதுமான அளவு பைத்தியக்காரத்தனம்தான். 1964-ல் 50, 100 க்யாட் நோட்டு செல்லாது என்றார்கள். 1987-ல் 25, 35, 75 க்யாட் நோட்டுகளும் போயின, மாற்றிக்கொள்ளவும் வழியில்லை, அப்புறம் வந்தது 45, 90 என்று நோட்டு. ரெண்டும் ஒன்பதால் வகுபடும், ஒன்பது அவருக்கு ராசி எண். ஒரு மனிதரின் படுக்கையறை நம்பிக்கை அடுத்த நாள் காலை மீன்காரம்மாவின் மடியில் இருக்கும் காசைக் காகிதமாக்குகிறது. அந்தரங்க வாழ்க்கை என்று இதைவிட வேறு என்ன வேண்டும்? ஜோசியர் வருகிறார், பேசுகிறார், போகிறார், அடுத்த ஷாட் சந்தை. நடுவில் ஒரு வசனமும் வேண்டாம்.

இதைச் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் சூப்பையே பார்த்தான். அப்புறம் கீழே போய் ஆயாவைக் கேட்டு வரலாம் என்றான். ஆயா வாசல்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். ஜெனரலைப் பற்றி என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டோம்.

"அவன நான் எங்க பாத்தேன்? போட்டோவுல பாத்தது. கடையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கினப்போ எங்க கடைச் சாவிய வாங்கினு போனான் பாரு, அந்தப் பையன் மூஞ்சி தெரியும். சின்னப் பையன். எத்தினி மூட்டை அரிசி இருக்குதுன்னு நோட்டுல எழுதினான். நீட்டா எழுதினான்."

"திட்டினானா ஆயா?"

"இல்லப்பா, தண்ணி கேட்டான். குடுத்தேன்."

அந்த நோட்டுப் பையன் இப்போது திரைக்கதையில் முதல் காட்சிக்கு வந்துவிட்டான், இசைத்தட்டும் அழுகையும் போய்விட்டன. டால்பினை மட்டும் தம்பி இன்னும் விடமாட்டேன் என்கிறான், போஸ்டருக்கு நன்றாக இருக்குமாம்.